சுவரைத் துளைக்கும் முன்

கப்பலில் ஆஸ்பெஸ்டாஸ் என்றதும் எல்லோருக்கும் எஞ்சின் ரூம்தான் நினைவுக்கு வரும். பாய்லர், நீராவிக் குழாய்கள், அவற்றின் மேல் சுற்றிய லேகிங் என்ற வெள்ளை வெப்பக் காப்பு, கேஸ்கெட் ஷீட்டை வெட்டிக்கொண்டிருக்கும் ஃபிட்டர். அந்த நினைப்பில் பிழையில்லை. அந்தப் பொருள் மிகுதியாக இருந்ததும், அதிகம் பேரை வதைத்ததும் அங்கேதான். நான் டெக் பக்கத்து ஆள். கேடட்டாக ஏறி, தேர்ட் மேட், செகண்ட் மேட், சீஃப் மேட் என்று படிப்படியாக வந்து கேப்டனாக ஓய்வு பெற்றவன். கப்பலைச் செலுத்துகிறவர்கள் நிற்கும் பிரிட்ஜிலும் அதே பொருள் இருந்தது, எங்கள் மூச்சுக்குள் அது நுழைய வழிகளும் இருந்தன என்று எழுதிவைக்க வேண்டியிருக்கிறது. எங்கள் துறையில் இதைப் பேசுகிறவர்கள் குறைவு. அதனால்தான் பழைய கப்பல்களில் ஏறும் இளைஞர்கள் இன்றும் டிரில்லிங் மெஷினை எடுத்துக்கொண்டு நேராகச் சுவரிடம் போகிறார்கள்.

பிரிட்ஜ் என்பது கப்பலின் குடியிருப்புக் கட்டடத்தின் உச்சித் தளம். எட்டு முதல் பன்னிரண்டு வரை தேர்ட் மேட், பன்னிரண்டு முதல் நாலு வரை செகண்ட் மேட், நாலு முதல் எட்டு வரை சீஃப் மேட் என்று காலையும் இரவும் வாட்ச் ஓடும். கூடவே சுக்கான் பிடிக்கும் சுக்கானி. குறுகிய கால்வாயிலோ துறைமுக வாசலிலோ கேப்டனும் பைலட்டும் சேர்ந்துகொள்வார்கள். ஒரு நாளில் எட்டு மணி நேரம் நிற்பது இந்த ஒரே அறையில். மிச்ச நேரம் உறங்குவதும் உண்பதும் அதே கட்டடத்தின் கீழ்த் தளங்களில். தொழிற்சாலைத் தொழிலாளி மாலையில் வீட்டுக்குப் போவார். கடலோடிக்கு வேலையிடமும் வீடும் ஒரே காற்றைச் சுவாசிக்கின்றன. ஒப்பந்தம் முடியும்வரை அந்தக் காற்றிலிருந்து அவருக்கு விடுப்பு கிடையாது.

நான் ஆபீசராக ஏறிய முதல் கப்பல்கள் 1960களில் ஐரோப்பாவில் கட்டப்பட்டுக் கைமாறி வந்த பொதுச் சரக்குக் கப்பல்கள். வீல்ஹவுஸ், அதன் பின்னால் சார்ட் ரூம், அதை ஒட்டி ரேடியோ ரூம், அதற்கும் பின்னால் எஞ்சின் கேசிங்கும் புகைபோக்கியும். உள்சுவர்கள் எல்லாம் பேனல்கள். மேலே வழவழப்பான மேல்தகடு, உள்ளே சாம்பல் நிறத்தில் கட்டியான பலகை. கூரைத் தட்டிகளும் அதே வகை. காலடியில் சதுர சதுரமான வினைல் ஓடுகள். கேபிள்கள் தளத்துக்குத் தளம் இறங்கும் துளைகளை ஏதோ நார்ப் பொருளால் அடைத்திருப்பார்கள். இவை எல்லாவற்றிலுமே ஆஸ்பெஸ்டாஸ் சேர்ப்பது அந்தக் காலக் கப்பல் கட்டும் தளங்களின் வழக்கம். நாங்களோ அவற்றைச் சுவர், கூரை, தரை என்று மட்டுமே அறிந்திருந்தோம்.

அதை அங்கே வைத்தவர்கள் கெட்ட எண்ணத்தோடு வைக்கவில்லை. கடலில் தீப்பிடித்தால் ஓட இடமில்லை. 1934 செப்டம்பரில் மாரோ காஸில் என்ற அமெரிக்கப் பயணிகள் கப்பல் நியூஜெர்சி கரைக்கு அருகே எரிந்தது. 137 பேர் மாண்டார்கள். மர வேலைப்பாடும் வார்னிஷும் நிறைந்த உட்புறம் தீக்கு வழிவிட்டது. அதன் பிறகு அமெரிக்கா தன் கப்பல்களின் உட்சுவர்களைத் தீப்பற்றாத பொருளால் கட்டச் சொன்னது. 1948இல் உருவான, கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சோலாஸ் உடன்படிக்கையும் தீப்பற்றாத தடுப்புச் சுவர்களைப் பயணிகள் கப்பல்களுக்கான பாதுகாப்பு முறைகளில் ஒன்றாக ஏற்றது. எரியாது, வெப்பம் கடத்தாது, உப்புக் காற்றில் உளுக்காது, விலையும் மலிவு. இத்தனை குணமும் ஒருசேர இருந்த பொருள் ஆஸ்பெஸ்டாஸ். தீயிலிருந்து எங்களைக் காப்பாற்றவே அது சுவருக்குள் போனது. அந்தப் பாதுகாப்புக்கு நுரையீரல் கொடுத்த விலை பல பத்தாண்டுகள் கழித்துத்தான் வெளியே தெரிந்தது.

நம் ஊரில் பலருக்கு ஆஸ்பெஸ்டாஸ் என்றால் கூரைக்குப் போடும் ஷீட். தலைமுறையாக அதன் கீழ் வாழ்ந்தவர்களுக்கு அதில் ஆபத்து என்றால் நம்பக் கடினம். கெட்டியாகப் பிணைந்து, உடையாமல் கிடக்கும் வரை அதிலிருந்து நார் அதிகம் வெளிவராது என்பது உண்மையே. வெட்டும்போதும் துளைக்கும்போதும் தேயும்போதும் நொறுங்கும்போதும்தான் ஆபத்து. அப்போது எழும் நார்களில் மோசமானவை கண்ணுக்குத் தெரியாதவை. மணம் இல்லை, எரிச்சல் இல்லை, இருமல்கூட வராது. மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும். உள்ளே போனால் நுரையீரலின் அடி ஆழம்வரை இறங்கும். உடலால் அதைக் கரைக்கவோ முழுவதும் வெளியேற்றவோ முடியாது. அது தங்கிய இடத்தில் தழும்பு ஏறி நுரையீரல் இறுகுவது ஆஸ்பெஸ்டோசிஸ். நுரையீரல் புற்றுநோயும் வரலாம். நுரையீரலைச் சுற்றிய உறையில் வரும் மீசோதீலியோமா என்ற புற்றுநோய்க்கு முதன்மைக் காரணமே இந்த நார்தான். வெள்ளை, பழுப்பு, நீலம் என மூன்று வகைகள் கப்பலில் அதிகம் புழங்கின. மூன்றுமே புற்றுநோய் தருபவை என்று உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் வகைப்படுத்தியிருக்கிறது.

கட்டடத்தின் சுவர் அசையாது. கப்பலின் சுவர் அசைந்துகொண்டே இருக்கும். டீசல் எஞ்சினின் அதிர்வு இரவும் பகலும் உச்சித் தளம்வரை ஏறும். முகப்புக் கடலில் கப்பல் தலை குத்தி எழும்போது பேனல்கள் ஒன்றோடொன்று உரசிக் கிறீச்சிடும். அந்தச் சத்தம் தாங்காமல் கப்பல் தச்சரான மிஸ்திரியைக் கூப்பிட்டு, இடுக்குகளில் மரச் சீவலைச் செருகி அடிக்கச் சொல்வோம். அவர் அடிக்க அடிக்கக் கீழே வெள்ளைப் பொடி கொட்டும். அதைச் சுக்கானி துடைப்பத்தால் பெருக்குவார். பருவமழைக் காலத்து அரபிக்கடலைத் தாண்டிய பிறகு, சுவரும் தரையும் சேரும் மூலையில் மெல்லிய வெண்கோடு படிந்திருப்பதைப் பல கப்பல்களில் பார்த்திருக்கிறேன். பெயின்ட் உதிர்ந்ததாகத்தான் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

கப்பலோட்டும் கலையில் என் காலத்தில் நடந்த மாற்றம் பெரிது. நான் தொழில் கற்றபோது செக்ஸ்டன்ட், குரோனோமீட்டர், அட்டவணைப் புத்தகங்கள். பிறகு ஒவ்வொன்றாகப் புதுக் கருவிகள் வந்தன. டிரான்சிட் செயற்கைக்கோள்களைப் படிக்கும் சாட்நாவ் முதலில். அதன் பின் 1995இல் முழு அளவில் இயங்கத் தொடங்கிய ஜி.பி.எஸ். 1992இல் தொடங்கி 1999 பிப்ரவரி 1இல் முழுமையாக நடைமுறைக்கு வந்த ஜி.எம்.டி.எஸ்.எஸ். என்ற ஆபத்துக்காலத் தொடர்பு முறை. 2004 முடிவதற்குள் பொருத்தியாக வேண்டும் என்ற, கப்பலை அடையாளம் காட்டும் ஏ.ஐ.எஸ்.; அடுத்து பயணத் தரவைப் பதியும் வி.டி.ஆர்.; 2012 முதல் 2018 வரை படிப்படியாகக் கட்டாயமான மின்னணுக் கடல்வரைபடமான எக்டிஸ். இவை கடலில் எத்தனையோ உயிர்களைக் காத்தன, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு தாங்கி வேண்டும், தாங்கிக்கு நாலு துளை வேண்டும். மேலே பிரிட்ஜின் கூரையான மங்கி ஐலண்டில் நிற்கும் ஆன்டெனாவிலிருந்து கேபிள் இறங்கக் கூரைத் தட்டியைக் கழற்ற வேண்டும், தளத்தைத் துளைக்க வேண்டும், பழைய அடைப்பை நோண்டி எடுக்க வேண்டும். ஆக, பழைய கப்பல்களில் நாவிகேஷன் துறையின் ஒவ்வொரு முன்னேற்றமும் ஒரு முறை ஆஸ்பெஸ்டாஸ் சுவரைக் கிளறிவிட்டே வந்தது. எஞ்சின் ரூம் லேகிங்கைப் பற்றி உலகம் விழித்துக்கொண்ட பிறகும், பிரிட்ஜில் துளை போடுவது மின்சார வேலையாகவே கருதப்பட்டது.

ஜி.எம்.டி.எஸ்.எஸ். மாற்றத்தை நான் செகண்ட் மேட்டாக அருகிருந்து பார்த்தேன். ரேடியோ ஆபீசர் என்ற பதவியே அதோடு முடிவுக்கு வந்துகொண்டிருந்தது. அவருடைய அறையிலிருந்த ஆளுயர டிரான்ஸ்மிட்டரை அகற்ற வேண்டியிருந்தது. அதன் பின்னால் வெப்பத் தடுப்பாகப் பலகை அடித்திருந்தார்கள். சுவரோடு சேர்த்து அதைப் பெயர்த்தெடுத்தார்கள். கப்பல் துறைமுகத்தில் நிற்பது ஒன்றிரண்டு நாள்தான். டெக்னீஷியன்கள் அவசரத்தில் இருந்தார்கள். முகத்தில் கைக்குட்டைகூடக் கிடையாது. கதவு திறந்தே இருந்தது. குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருந்தது. அது வெளிக்காற்றை மட்டும் எடுப்பதில்லை. உள்காற்றையே பெரும்பகுதி திரும்பச் சுற்றிவிடும். பிரிட்ஜில் எழுந்த தூசி குழாய் வழியே கேபின்களுக்கும் மெஸ்ஸுக்கும் போய்ச்சேரும் அமைப்பு அது. மாலையில் பார்த்தபோது சார்ட் டேபிள் மேல் வெள்ளையாகப் படிந்திருந்தது.

சார்ட் டேபிள் செகண்ட் மேட்டின் பீடம். வாரம்தோறும் வரும் திருத்த அறிவிப்புகளைப் பார்த்து மெஜந்தா மையில் ஒவ்வொரு சார்ட்டையும் திருத்துவது அவர் வேலை. பென்சில் கோட்டை அழித்த ரப்பர் துகளைத் தள்ள ஒரு மெல்லிய பிரஷ் இருக்கும். சில சமயம் குனிந்து வாயாலேயே ஊதிவிடுவோம். அன்று அந்தத் தூசியையும் பிரஷால் தட்டினேன், ஊதினேன். புறப்பாட்டுக்குச் சார்ட் தயாராக இருக்க வேண்டும். அதுதான் அன்றைய கடமை. அந்தப் பலகையில் என்ன இருக்கிறது என்று எங்களுக்கோ டெக்னீஷியன்களுக்கோ சொல்லும் ஒரு காகிதமும் அந்தக் கப்பலில் இல்லை. அந்தக் காகிதம் அன்றைக்கு இருந்திருந்தால் வேலை ஒரு நாள் தாமதமாகியிருக்கும், அவ்வளவே.

டெக் ஆபீசருக்குப் பிரிட்ஜ் மட்டுமே வேலையிடமும் இல்லை. நங்கூரம் போடும்போது முன்தளத்தில் சீஃப் மேட்டும் டெக் ஆட்களின் தலைவரான செராங்கும் மிஸ்திரியும் நிற்பார்கள். டன் கணக்கான சங்கிலி ஓடும்போது அதைப் பிடித்து நிறுத்துவது விண்ட்லாஸ் பிரேக். அதன் பட்டைகளில் பழைய காலத்தில் ஆஸ்பெஸ்டாஸ் நார் நெய்த லைனிங் இருந்தது. ஆழம் அதிகமான இடத்தில் சங்கிலி வேகமெடுத்தால் பிரேக் புகைந்து, கருகிய நெடியோடு தூசி பறக்கும். துருவும் சேறும் கலந்த அந்தப் புழுதியை நேராக முகத்தில் வாங்கித்தான் சங்கிலியில் எத்தனை ஷாக்கிள் போயிற்று என்று பிரிட்ஜுக்குக் கத்துவோம். தேர்ட் மேட்டின் பொறுப்பில் இருக்கும் தீயணைப்புச் சாமான்களில் ஆஸ்பெஸ்டாஸ் போர்வையும், சில கப்பல்களில் அதே துணியில் தைத்த கையுறையும் உண்டு. மாதாந்திரச் சோதனையில் அவற்றை உதறி, மடித்து, மீண்டும் பெட்டியில் வைப்பது வழக்கம்.

இன்னும் நேரடியான வழி சரக்கு. கன்டெய்னர் பரவலாகும் முன் ஆஸ்பெஸ்டாஸ் நாரே மூட்டை மூட்டையாகக் கப்பல் ஏறியது. அபாயச் சரக்கு விதித் தொகுப்பில் நீல, பழுப்பு வகைகளுக்கு யு.என். 2212 என்றும், வெள்ளை வகைக்கு யு.என். 2590 என்றும் எண். இரண்டும் ஒன்பதாம் வகுப்பு. துறைமுகத்தில் ஹோல்டு வாட்ச் பார்ப்பது இளைய ஆபீசர்களின் வேலை. சுமை தொழிலாளர்கள் இரும்புக் கொக்கியால் மூட்டையைக் குத்தி இழுப்பார்கள். கிழிந்த மூட்டையிலிருந்து பஞ்சு போல் கொட்டியதை வாரிக் கட்டி அதையும் ஸ்லிங்கில் ஏற்றுவார்கள். ஹேட்ச் வழியே விழும் வெயிலில் ஹோல்டு முழுக்கத் துகள் மினுங்கும். எங்கள் கையில் இருந்த டாலிப் புத்தகத்தில் கிழிந்த மூட்டை எத்தனை, குறைந்த எடை எவ்வளவு என்று எழுத இடம் இருந்தது. அந்தத் துகளுக்குள் மேல்சட்டை இல்லாமல் வேலை பார்த்தவர்களைப் பற்றி எழுத இடம் இல்லை. என் கடலோடி வாழ்க்கையில் எனக்கு அதிகம் வலிக்கும் நினைவு அதுதான். நாங்கள் இறங்கிப் போனோம். அவர்கள் அடுத்த கப்பலிலும் அதே மூட்டைகளைத் தூக்கினார்கள்.

இந்த நோய்களின் கொடுமை அவை எடுத்துக்கொள்ளும் காலம். மீசோதீலியோமா வெளிப்பட இருபது முதல் ஐம்பது ஆண்டுகள்கூட ஆகும். அப்போது கப்பல் உடைபட்டிருக்கும், கம்பெனி பெயர் மாறியிருக்கும், மனிதர் ஊரில் பேரப்பிள்ளைகளோடு இருப்பார். என்னோடு பல கப்பல்களில் வந்த ஒரு சுக்கானி தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரர். வயதில் மூத்தவர், நான் அவரை அண்ணாச்சி என்பேன், அவர் என்னை சார் என்பார். சுக்கானைத் தொட்டால் கப்பல் அரை டிகிரி விலகாது. அப்படி ஒரு கை. ஓய்வுபெற்றுப் பல ஆண்டுகள் கழித்துப் பார்க்கப் போனேன். திண்ணையில் சாய்ந்தபடி சொன்னார்:

"ரெண்டு படி ஏறுனாப் போதும் சார், நெஞ்சு மேல யாரோ ஏறி ஒக்காந்த மாதிரி இருக்கு. நீர் கோத்திருக்குன்னு ரெண்டு தடவ எடுத்தாச்சு. டி.பி. மாத்திரையும் முழுசாச் சாப்பிட்டுட்டேன். கொறையல."

"என்ன வேலை பாத்தீங்கன்னு டாக்டர் கேட்டாரா அண்ணாச்சி?"

"கப்பல்ல இருந்தேன்னு சொன்னேன். சரின்னு எழுதிக்கிட்டாரு."

நுரையீரல் உறையில் நீர் கோத்தால் நம் நாட்டில் முதலில் காசநோயைச் சந்தேகிப்பது மருத்துவ ரீதியாக நியாயமே. அதுதான் இங்கே அதிகம். ஆனால் அந்தக் கேள்விக்கு அடுத்த கேள்வி கேட்கப்படவில்லை. எந்த மாதிரிக் கப்பல், எந்தக் காலம், எங்கே நின்று வேலை, தூசி இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை. திசுப் பரிசோதனை வந்து மீசோதீலியோமா என்று தெரிந்தபோது சிகிச்சைக்குக் காலம் கடந்திருந்தது. அவர் ஒருநாளும் எஞ்சின் ரூமில் வேலை பார்த்தவர் அல்லர். சுக்கான் பிடித்தார், பிரிட்ஜைப் பெருக்கினார், மிஸ்திரிக்கு உதவியாகப் பேனலைப் பிடித்துக்கொண்டார். ஒரு மனிதரின் நோய்க்கு எந்தக் கப்பலின் எந்தச் சுவர் காரணம் என்று நிறுவ முடியாது. அந்த நிறுவ முடியாமையின் நிழலில்தான் எங்கள் துறை இத்தனை காலம் வாய் திறக்காமல் இருந்தது.

தனி மனிதர் கதையை ஒதுக்கிவிட்டு எண்களைப் பார்த்தாலும் விஷயம் அதுவே. ஆஸ்பெஸ்டாஸ் இன்சுலேஷன் தொழிலாளர்களின் சாவை 1960களில் உலகுக்குக் காட்டிய நியூயார்க் மருத்துவர் இர்விங் செலிகாஃபின் குழு, பின்னாளில் அமெரிக்க வணிகக் கப்பல் மாலுமிகளையும் ஆராய்ந்தது. 1980களின் நடுவில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மாலுமிகளின் நெஞ்சு எக்ஸ்ரேக்களைப் பார்த்தார்கள். மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமானோரிடம் ஆஸ்பெஸ்டாஸ் பாதிப்போடு பொருந்தும் மாற்றங்கள் இருந்தன. எஞ்சின் பிரிவினருக்கு அதிகம். ஆனால் டெக் பிரிவிலும் சமையல், பணியாளர் பிரிவிலும் இருந்தவர்களிடமும் அவை கணிசமாகக் காணப்பட்டன. கீழே இருப்பவரை மட்டுமே அது தொடும் என்ற நம்பிக்கைக்கு அந்த ஆய்வில் ஆதாரம் இல்லை.

விதிகள் தாமதமாக வந்தாலும் வந்தன. 2002 ஜூலை 1 முதல் எல்லாக் கப்பல்களிலும் புதிதாக ஆஸ்பெஸ்டாஸ் பொருத்துவதை சோலாஸ் தடை செய்தது. சில வகை கம்ப்ரெசர் தகடுகள், மிக உயர்ந்த வெப்பம் அல்லது அழுத்தத்தில் இயங்கும் இணைப்புகள், 1000 டிகிரிக்கு மேலான வெப்பத்துக்குரிய காப்பு என்று மூன்று விலக்குகள் மட்டும் இருந்தன. 2011 ஜனவரி 1 முதல் அந்த விலக்குகளும் போயின. தடை புதிதாகப் பொருத்துவதற்குத்தான். தடைக்கு முன் கட்டிய கப்பலின் சுவரில் ஏற்கெனவே இருப்பது, நல்ல நிலையில் இருந்தால், அங்கேயே இருக்கலாம். கண்காணித்துப் பராமரிக்க வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் இல்லை என்று சான்றளிக்கப்பட்ட புதிய கப்பல்களிலும் கேஸ்கெட், பிரேக் லைனிங், பேனல் என்று அது மீண்டும் மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. ஆஸ்பெஸ்டாஸ் வணிகம் இன்னும் நடக்கும் நாடுகளில் கட்டும்போதும் ரிப்பேரின்போதும் உதிரிபாகத்தோடு உள்ளே வந்துவிடுகிறது. தடையை மீறிப் பொருத்தியது என்று தெரிந்தால் மூன்று ஆண்டுக்குள் அகற்ற வேண்டும் என்பது சர்வதேசக் கடல்சார் அமைப்பின் வழிகாட்டல். ஆகவே கப்பல் கட்டிய ஆண்டைப் பார்த்து நிம்மதி கொள்வது போதாது.

போதுமானது ஒரு ஆவணம்: அபாயப் பொருள் பட்டியல். ஐ.எச்.எம். என்பார்கள். 2009இல் ஹாங்காங்கில் ஏற்கப்பட்டு, 2025 ஜூன் 26இல் அமலுக்கு வந்த கப்பல் மறுசுழற்சி உடன்படிக்கை இதைக் கட்டாயமாக்குகிறது. பழைய கப்பல்களுக்கு ஐந்து ஆண்டு அவகாசம். ஐரோப்பியத் துறைமுகங்களுக்குப் போகும் கப்பல்களுக்கு 2020 டிசம்பர் 31 முதலே இது தேவை. இந்தியா 2019இல் இந்த உடன்படிக்கையில் சேர்ந்தது. அதே ஆண்டு கப்பல் மறுசுழற்சிச் சட்டத்தையும் இயற்றியது. இந்தப் பட்டியலை எல்லோரும் கப்பல் உடைக்கும் நாளுக்கான காகிதம் என்று நினைக்கிறார்கள். என் கடைசிக் கப்பல்களில் அதை நான் பிரிட்ஜுக்குக் கொண்டுவந்து வைத்தேன். எந்தத் தளம், எந்த அறை, எந்தப் பொருள், எவ்வளவு என்று அதில் வரிசையாக இருக்கும். மாதிரி எடுத்துச் சோதிக்க முடியாத இடத்துக்கு 'இருக்கக்கூடும்' என்ற வகையில் பி.சி.எச்.எம். என்று குறித்திருப்பார்கள். அப்படிக் குறித்ததை இருக்கிறது என்றே கொண்டு நடக்க வேண்டும். சுவரில் கை வைக்கும் எந்த வேலைக்கும் முன் இந்தப் பட்டியலில் அந்த அறையின் வரியைப் படித்து, வேலை அனுமதிச் சீட்டில் அதைக் குறித்த பிறகே கையெழுத்திடுவேன் என்று ஒரு வழக்கத்தை ஏற்படுத்தினேன். ஷோர் டெக்னீஷியன்கள் முதலில் முணுமுணுத்தார்கள். பட்டியலின் வரியைக் காட்டியதும் ஒருவர்கூட மறுக்கவில்லை; தன் நுரையீரல் என்று வந்தால் யாருக்கும் அவசரம் இருப்பதில்லை.

அலங்கைப் பற்றிச் சொல்லாமல் இது முழுமையாகாது. குஜராத்தில் பாவ்நகருக்கு அருகேயுள்ள அந்தக் கடற்கரையில் 1983 முதல் கப்பல்களை உடைக்கிறார்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஏற்றத்தில் கப்பலை முழு வேகத்தில் கரைமேல் ஏற்றிவிட்டு இறங்குவது கடைசிக் கேப்டனின் வேலை. அதற்குப் பிறகு அந்தச் சுவர்களுக்கு என்ன ஆகிறது என்பது எங்களுக்குத் தெரியாத உலகம். 2006இல் பிரான்ஸின் கிளெமான்ஸோ என்ற விமானந்தாங்கிக் கப்பல் அலங்குக்கு வந்துகொண்டிருந்தபோது, அதிலுள்ள ஆஸ்பெஸ்டாஸைப் பற்றிய எதிர்ப்பால் பிரெஞ்சு அரசு அதைத் திருப்பி அழைத்தது. அந்த ஆண்டே உச்ச நீதிமன்றத்தின் நிபுணர் குழு முன் வந்த மருத்துவ ஆய்வு, ஆஸ்பெஸ்டாஸைக் கையாண்ட அலங் தொழிலாளர்களில் பரிசோதிக்கப்பட்டவர்களில் 16 சதவீதம் பேருக்கு ஆஸ்பெஸ்டோசிஸின் ஆரம்ப அறிகுறி இருப்பதாகச் சொன்னது. நாங்கள் நாலு துளை போட்ட சுவரை அவர்கள் கடப்பாரையால் முழுவதும் பெயர்த்தார்கள். ஐ.எச்.எம். பட்டியலைக் கப்பல் ஓடும் காலம் முழுக்கச் சரியாகத் திருத்தி வைப்பது அவர்களுக்கு நாம் செய்ய வேண்டிய கடமை. எந்தப் பேனலை மாற்றினோம், எதை அகற்றினோம் என்று அப்போதே எழுதாவிட்டால், உடைக்கிறவர் இருட்டில்தான் கை வைப்பார்.

சட்டம் இந்த நோய்களை அறியாதது அல்ல. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் ஆஸ்பெஸ்டோசிஸும், ஆஸ்பெஸ்டாஸால் வரும் நுரையீரல் புற்றுநோயும் மீசோதீலியோமாவும் தொழில் நோய்களாக இடம்பெற்றன; மாலுமிகளுக்கும் அந்தச் சட்டம் பொருந்தியது. 1995இல் உச்ச நீதிமன்றம், ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்களின் மருத்துவப் பதிவேட்டை வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டுகளோ ஓய்வுக்குப் பின் 15 ஆண்டுகளோ, எது பிந்தியதோ அதுவரை பாதுகாக்க வேண்டும் என்று ஆணையிட்டது. நோயின் நீண்ட காலத்தைப் புரிந்துகொண்ட ஆணை அது. ஆனால் ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் கப்பலும் கம்பெனியும் மாறும் கடலோடிக்கு அப்படி ஒரு பதிவேட்டை யார் வைப்பார்? அவர் கையில் இருப்பது கடற்பணிப் பதிவேடான சி.டி.சி. புத்தகம் ஒன்றே. அதில் கப்பலின் பெயர், பதவி, ஏறிய நாள், இறங்கிய நாள் எல்லாம் முத்திரையோடு இருக்கும். அந்தக் கப்பலின் சுவருக்குள் இருந்தது மட்டும் அதில் இராது.

அதனால் அந்தப் பதிவை நாமே வைக்க வேண்டும் என்று என்னிடம் ஆலோசனை கேட்கும் ஒவ்வொரு கேடட்டிடமும் சொல்கிறேன். ஒவ்வொரு கப்பலிலும் அது கட்டப்பட்ட ஆண்டு, ஐ.எச்.எம். பட்டியலில் பிரிட்ஜுக்கும் உங்கள் கேபினுக்கும் எதிரே உள்ள வரிகள், பேனல் கழற்றிய அல்லது துளைத்த வேலை நடந்த நாள் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதுங்கள். பட்டியலில் ஆஸ்பெஸ்டாஸ் என்றோ இருக்கக்கூடும் என்றோ இருந்தால் கப்பல் ஊழியர் யாரும் அதைத் துளைக்க வேண்டாம். கரையிலிருந்து தகுதிபெற்றவர்கள் வரட்டும். தவிர்க்க முடியாத அவசரத்தில் பேனல் உடைந்துவிட்டால், முதலில் அந்த அறையின் குளிர்சாதனக் காற்றை அடையுங்கள், ஆட்களை வெளியேற்றுங்கள், உடைந்த இடத்தை ஈரமாக்கி மூடுங்கள். துடைப்பம் கூடாது, சாதாரண வாக்குவம் கூடாது, அது நுண்ணிய நாரைப் பின்புறம் வழியே அறைக்குள்ளேயே துப்பிவிடும். துணி முகமூடியும் மருத்துவமனை முகமூடியும் இந்த நாரைத் தடுக்காது. பி3 தர வடிகட்டி உள்ள முகமூடி வேண்டும். புகைப்பவர்கள் இன்றே நிறுத்துங்கள்; ஆஸ்பெஸ்டாஸும் புகையும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய் அபாயம் பல மடங்காகப் பெருகும். ஓய்வுபெற்ற பிறகு மூச்சிரைத்தால், நெஞ்சில் நீர் கோத்தால், டாக்டர் கேட்காவிட்டாலும் அந்த நோட்டை அவர் மேஜையில் வையுங்கள்.

கேட்க வேண்டியவர்களிடமும் ஒரு கோரிக்கை இருக்கிறது. ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கு முன்பும் எங்களுக்கு மருத்துவப் பரிசோதனை நடக்கிறது. நெஞ்சு எக்ஸ்ரேயும் எடுக்கிறார்கள். அந்தப் படிவத்தில் எந்தக் கப்பல்களில் எந்தத் தூசியில் இருந்தீர்கள் என்ற கேள்வியைச் சேர்க்க வேண்டும். டெக் கேடட்டுகளின் பாடத்தில் ஐ.எச்.எம். பட்டியலைப் படிக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும். சார்ட்டில் ஆழம் குறைந்த இடத்தைக் கண்டுபிடித்து அதை விட்டு விலகிச் செலுத்தத்தான் எங்களுக்குப் பயிற்சி. நாம் நிற்கும் அறையின் ஆபத்தையும் அதே கவனத்தோடு படித்துவிட்டு வேலையைத் தொடங்குவது நாவிகேட்டரின் தொழில் ஒழுக்கத்தில் சேர வேண்டும். இன்று அந்தப் பட்டியலைப் படிக்கும் பழக்கம் வந்தால், 2060இல் நம் மருத்துவர்கள் பார்க்கப்போகும் கடலோடிகளின் எண்ணிக்கை அந்த அளவுக்குக் குறையும்.